பருப்பு வேகாத தண்ணீரும் ஆர்க்கிட் பூவும்

ஞாயிற்றுக்கிழமை காலை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில், செடிகளை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு வணக்கம்.

இந்த மேசைமேல் ஏழு பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே நுழையும்போதே முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டார்: “ஏம்மா, ஏழு பாட்டில் தண்ணி வெச்சிருக்கீங்களே, பேச்சு அவ்வளவு நீளமா?” பயப்படாதீர்கள் ஐயா. இந்த ஏழில் நான் குடிக்கப்போவது ஒன்றைத்தான். மற்ற ஆறும் இன்றைக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கின்றன.

என்ன வழக்கு? வீட்டு ஜன்னலோரத்தில், பால்கனியில், வரவேற்பறை மூலையில் நாம் ஆசையாக வளர்க்கிற ஆர்க்கிட்டுக்கு எந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர்? இதுதான் வழக்கு. “சுத்தமான தண்ணிதான்!” என்று நாலு பேர் இப்போதே முணுமுணுப்பது கேட்கிறது. சுத்தம் என்றால் என்ன? யாருக்குச் சுத்தம்? எதை நீக்கிய சுத்தம்? அங்கேதான் நாம் எல்லோரும் வழுக்குகிறோம். முப்பது வருஷம் வகுப்பில் வேதியியல் சொல்லிக்கொடுத்த நானே வழுக்கினேன். அந்தக் கதைக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

சென்னைவாசிகள் தண்ணீருக்குப் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். மெட்ரோ தண்ணி, போர் தண்ணி, லாரித் தண்ணி, கேன் தண்ணி என்று ஆளுக்கொரு பெயர். அதற்கும் மேலே பொதுவாக இரண்டே சாதி: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி குடிக்க, சமைக்க. உப்புத் தண்ணி குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்ற. கவனித்தீர்களா? செடியை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறோம் என்று! செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் அது ஓரளவு செல்லும். மண் என்ற ஒன்று நடுவில் நின்று உப்பின் அடியைத் தாங்கிக்கொள்கிறது. ஆர்க்கிட்டுக்கு மண் இல்லை. மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, அவ்வளவுதான். தண்ணீரில் இருப்பது நேராக வேரில் போய் உட்காருகிறது.

அந்த வேரைக் காட்டட்டுமா? இதோ, என் கையில் இருப்பது ஃபெலனாப்சிஸ். நர்சரியில் வெள்ளையும் ஊதாவுமாக, அந்துப்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி பூத்து நிற்குமே, அதுதான். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருப்பதே வேர் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். இப்போது வேர் என்ன நிறம்? வெள்ளி நிறம், சாம்பல் பூசிய மாதிரி. இப்போது ஒரு கரண்டித் தண்ணீர் விடுகிறேன். பாருங்கள்... பாருங்கள்... பச்சை! கடைசி வரிசையில் தெரிகிறதா? தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் கிட்ட வந்து பார்க்கலாம்.

இந்த மாயம் எப்படி நடக்கிறது? வேரைச் சுற்றி ஒரு வெள்ளைப் போர்வை இருக்கிறது. வெலமன் என்பார்கள். உயிரில்லாத, வெற்று அறைகளாலான பஞ்சு அது. காய்ந்திருக்கும்போது அறைகளில் காற்று; அதனால் வெள்ளை. தண்ணீர் பட்டதும் சில நொடிகளில் உறிஞ்சி நிரம்பி, கண்ணாடிபோல ஆகி, உள்ளே இருக்கிற பச்சையைக் காட்டிவிடுகிறது. காட்டில் மரக்கிளையில் தொங்குகிற செடிக்கு மண்ணும் கிடையாது, தேக்கி வைக்கிற குளமும் கிடையாது. மழை பெய்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டால் உண்டு. அதற்காக ஏற்பட்ட பஞ்சு இது.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. மழையின் முதல் நீர் மரப்பட்டையில் வழிந்து வரும்போது தூசி, உதிர்ந்த இலைச் சாறு, பறவை எச்சம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. அதுதான் சாப்பாடு. பின்னால் வருகிற மழை வெறும் நீர். ஜெர்மனியைச் சேர்ந்த சோட்ஸ், விங்க்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் இந்தப் பஞ்சைச் சோதித்துப் பார்த்தார்கள். முதல் நீரில் வருகிற மின்னேற்றம் கொண்ட சத்துகளை, அதாவது அயனிகளை, வெலமன் பிடித்து வைத்துக்கொள்கிறது. பின்னால் வரும் நீரில் அவை அவ்வளவு எளிதாகக் கழுவிப் போவதில்லை என்று கண்டார்கள். எவ்வளவு அருமையான ஏற்பாடு! ஆனால் நண்பர்களே, அந்தப் பஞ்சுக்கு நல்ல உப்பு எது, கெட்ட உப்பு எது என்று பார்த்துப் பிரிக்கத் தெரியாது. காட்டு மழையில் கெட்ட உப்பு வந்ததே இல்லை. பிரிக்கக் கற்கவேண்டிய அவசியமும் வரவில்லை. நாம்தான் அதை நாலாவது மாடிக்குக் கூட்டிவந்து போர் தண்ணீர் ஊற்றுகிறோம்.

போர் தண்ணீர் என்ன செய்யும்? ஒரு கணக்குப் போடுவோம். பள்ளிக்கூடத்து ஆள், கணக்கில்லாமல் பேச வராது. இதோ முதல் பாட்டில், எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். டிடிஎஸ் மீட்டரை முக்குகிறேன். 1,180. அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கிற உப்புகள் ஏறத்தாழ 1,180 மில்லிகிராம். ஒரு கிராமுக்கு மேல். ஒரு தொட்டிக்கு வாரம் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 52 லிட்டர். அறுபது கிராம் உப்பு! ஒரு கை நிறைய உப்பை அள்ளி, அந்தச் சின்னத் தொட்டிக்குள் தூவுவீர்களா? மாட்டீர்கள். தூவுகிறோம், தவணை முறையில். பாதிக்கு மேல் வழிந்து போய்விடும் என்பது உண்மைதான். மிச்சம் எங்கே போகும்? தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மரப்பட்டையின் மேல் வெள்ளைப் பொருக்கு, தொட்டி விளிம்பில் வெள்ளை வளையம், பிறகு வேர் நுனி கருகல், பிறகு இலை நுனி கருகல். குளியலறைக் குழாயில் படிகிற அதே வெள்ளை, கெய்சர் கம்பியில் பிடிக்கிற அதே வெள்ளை. குழாய் இரும்பு, தாங்கும். இது வேர்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகோல் என்ன சொல்கிறது தெரியுமா? கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரைகூட அனுமதி. அது உங்களுக்கும் எனக்கும். நம்மிடம் சிறுநீரகம் இரண்டு இருக்கின்றன, கழித்துக் கட்டிவிடும். ஆர்க்கிட்டிடம் எத்தனை சிறுநீரகம்? என் அனுபவத்தில் 100, 150-க்குள் இருந்தால் கவலையில்லாமல் ஊற்றுவேன். 300 வரை வேறு வழியில்லை என்றால் ஊற்றி, அடிக்கடி தொட்டியை அலசுவேன். 500-க்கு மேலே என்றால் அந்தத் தண்ணீர் செம்பருத்திக்கு.

சரி, சுத்தம் செய்யலாமே? இங்கேதான் என் பேச்சின் நடுமையத்துக்கு வருகிறேன். சுத்திகரிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கிருமியைக் கொல்வது. மற்றது, உப்பை எடுப்பது. நம் வீட்டுப் பயம் எப்போதும் கிருமியைப் பற்றியது. காலரா, மஞ்சள் காமாலை, டைஃபாய்டு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் சுத்தம் என்றால் கிருமி இல்லாதது என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஆர்க்கிட்டின் பயம் வேறு. அதற்கு உப்புப் பயம்.

புற ஊதா விளக்கு வைத்த ஃபில்டர் என்ன செய்கிறது? கிருமியைக் கொல்கிறது. உப்பு? அப்படியே. மெழுகுவத்தி மாதிரி வெள்ளைக் கேண்டில் போட்ட பழைய ஃபில்டர்? கலங்கலை நிறுத்தும். உப்பு? அப்படியே. காய்ச்சிய தண்ணீர்? எங்கள் அம்மா காலத்திலிருந்து அதைவிட உயர்ந்த சுத்தம் கிடையாது. காய்ச்சினால் கடினத்தன்மையில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பாத்திரத்தில் படியும்; உண்மை. ஆனால் சோடியமும் குளோரைடும் எங்கே போகும்? தண்ணீர் கொஞ்சம் ஆவியாகிவிடுவதால் முன்பைவிடச் செறிவாக நிற்கும். காய்ச்சி ஆறவைத்த போர் தண்ணீரை ஆர்க்கிட்டுக்கு ஊற்றுவது, உப்புப் போட்ட குழம்பைச் சுண்டவைத்து ஊற்றுவது மாதிரி. குளோரின் வாசனை அடிக்கிற குழாய்த் தண்ணீரா? திறந்த வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் போய்விடும். அதைப் பற்றி இதற்குமேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

இப்போது என் மானம் போன கதை. இரண்டாவது பாட்டில்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் பணம் போட்டு, மொட்டைமாடித் தொட்டிக்கு முன்னால் ஒரு சாஃப்ட்னர் பொருத்தினார்கள். பொருத்த வந்த பையன் பெருமையாகச் சொன்னான்: “மேடம், இனிமே உங்க பாத்ரூம் குழாயில ஒரு பொட்டு உப்பு படியாது. சோப்பு அப்படி நுரைக்கும் பாருங்க!” நுரைத்தது. குழாய் பளபளத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். உப்பில்லாத தண்ணீர் குழாயிலேயே வருகிறது, இனி ஆர்க்கிட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஊற்றினேன். ஆசையாக, வாரம் இரண்டு தரம் ஊற்றினேன்.

மூன்றாவது மாதம் இலைகள் சுருங்கின. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். பூந்தண்டு ஒன்று பாதியில் நின்றது. ஒருநாள் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், பச்சையாக நீள வேண்டிய வேர் நுனிகள் எல்லாம் பழுப்பாக, நசுக்கினால் உள்ளே ஒன்றுமில்லாத சக்கையாக இருந்தன. நான்கு தொட்டியில் மூன்று போயின. அப்போதுதான் மொட்டைமாடிக்கு ஏறினேன். அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? மூட்டை மூட்டையாக உப்பு! சாதாரணச் சோடியம் குளோரைடு. வாரத்துக்கு ஒருமுறை அதைக் கரைத்துத்தான் அந்த இயந்திரத்தைப் புதுப்பிக்கிறார்கள்.

அங்கேயே உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அயனிப் பரிமாற்றம்! முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடம். தண்ணீரில் இருக்கிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிசின் மணிகள் பிடித்துக்கொள்ளும். ஒரு கால்சியத்துக்கு ஈடாக இரண்டு சோடியத்தை வெளியே விடும். உப்பு எங்கே குறைந்தது? ஆளை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதோ மீட்டர். முதல் பாட்டில் 1,180. இது 1,190. ஏறியிருக்கிறது! கால்சியம் செடிக்கு வேண்டியது. அதைப் பிடுங்கிக்கொண்டு, வேண்டாத சோடியத்தைக் கொடுத்தோம். குழாய்க்கு மருந்து, செடிக்கு விஷம். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு மாணவர்களுக்கு ஐந்து மதிப்பெண் போட்ட கை இது. வீட்டில் எனக்கு நானே பூஜ்யம் போட்டுக்கொண்டேன்.

அப்படியானால் உப்பை உண்மையிலேயே எடுப்பது எது? வீட்டளவில் பதில் ஒன்றுதான். ஆர்.ஓ. எதிர்ச்சவ்வூடு பரவல் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். தண்ணீரை அழுத்தத்தோடு ஒரு சவ்வின் மேல் தள்ளுகிறோம். தண்ணீர் போகிறது, உப்பின் பெரும்பகுதி நின்றுவிடுகிறது. இந்தச் சவ்வு எங்கே பிறந்தது? 1950-களின் இறுதியில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில். செய்தவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் பெயரைச் சொன்னால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள்: சௌரிராஜன்! திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய, இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சின்ன ஊரில் அந்த முறையில் உப்புத் தண்ணீர் குடிநீரானது. இன்றைக்கு நெம்மேலியில் கடல்நீர் குடிநீராகிறதே, 2013-இலிருந்து? அதே தத்துவம். தென்சென்னையில் பல வீடுகளில் குழாயைத் திறந்தால் வருவதில் கடலும் கலந்திருக்கிறது. நம் சமையலறைச் சுவரில் ஒரு பெட்டி தொங்குகிறதே, அதுவும் அதே தத்துவம். அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று நான் சில சமயம் அந்தப் பெயரை நினைத்துக்கொள்வதுண்டு.

எங்கள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர், இந்தப் பாட்டில், 60. முதல் பாட்டிலின் 1,180-ஐ இது 60 ஆக்கியிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உப்பு போய்விட்டது. நான் குடிக்கப்போகிற பாட்டிலும் இதுதான். சில பெட்டிகளில் ருசிக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலந்துவிட ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பி வைத்திருந்தால் 150 காட்டும். பரவாயில்லை. ஆனால் சவ்வுக்கு வயசானால் எண் தானாக ஏறும். குடிக்கிற உங்களுக்கு அது தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீட்டரை முக்கிப் பாருங்கள்.

கேன் தண்ணீர்? இருபது லிட்டர் கேனில் வருவதும் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்தான். இது 45 காட்டுகிறது. தாராளமாக ஊற்றலாம், கேனுக்குக் கேன் எண் மாறும், அது ஒன்றுதான். மெட்ரோ தண்ணீர் இன்று 340. ஏரித் தண்ணீரும் மற்றதும் கலந்து வருவதால், மழைக்காலத்தில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று.

இங்கே ஒரு மனச்சாட்சிக் கேள்வி எழும், எழ வேண்டும். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தர, பல வீடுகளில் ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்த ஊர் இது. பூவுக்காக இதைச் செய்யலாமா? என்னிடம் இப்போது பத்துத் தொட்டிகள். வாரத்துக்கு ஏழெட்டு லிட்டர் போதும். கழிவுநீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கிறேன். ஆனால் ஒன்று: அந்தக் கழிவுநீரை, ‘வீணாகப் போகிறதே’ என்று இரக்கப்பட்டு ஆர்க்கிட்டுக்கு ஊற்றிவிடாதீர்கள். சவ்வு நிறுத்திய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. இந்த இரக்கத்தில் செத்த செடிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கழிவு என்று நினைத்துக் கொட்டுகிற இன்னொரு தண்ணீர் இருக்கிறது. அது உண்மையிலேயே தங்கம். ஏசி சொட்டுகிற தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்த சுருளில் பட்டு நீராகிறது. அதில் உப்புக்கு வழியே இல்லை. பாருங்கள், 18! சென்னைக் கோடையில் ஒரு ராத்திரியில் வாளி நிறைகிறது. குறையே இல்லையா? உண்டு. சுருளிலிருக்கிற தூசியும் பாசியும் கொஞ்சம் வரும். ஏசியைச் சுத்தம் செய்த அன்றைக்கு வருகிற தண்ணீரில் ரசாயனம் இருக்கும். அதைக் கொட்டிவிட வேண்டும். மற்ற நாள்களில் ஒரு துணியில் வடிகட்டி ஊற்றுகிறேன்.

கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கிறார்களே, அது? நல்லதுதான், மீட்டரில் ஒன்றோ இரண்டோதான் காட்டும். ஆனால் அதே கடையில், ஏறக்குறைய அதே மாதிரி கேனில், பேட்டரி ஆசிட்டும் இருக்கும். அது கந்தக அமிலம். கேட்டு, படித்து, இரண்டு தரம் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? “அப்ப ஜீரோதான் பெஸ்ட்!” நானும் அப்படித்தான் வந்தேன். சோடியத்தில் சூடுபட்ட பூனை அல்லவா? மிஞ்சிய ஒரே செடிக்கு ஒரு வருஷம் முழுக்க பேட்டரிக் கடைத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். உரம்? உரமும் உப்புதானே என்று அதையும் நிறுத்தினேன். என்ன நடந்தது? செடி சாகவில்லை. வளரவும் இல்லை. அடி இலை மஞ்சளாயிற்று. புதிதாக வந்த இலை, போன இலையில் பாதி அளவு. அதன் நுனியில் கறுப்பு. பழைய இலை மஞ்சளானால் மக்னீசியப் பற்றாக்குறையாக இருக்கலாம். செடி பழையதிலிருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுக்கும். கால்சியத்தை அப்படி இடம் மாற்ற முடியாது. அதனால் புது இலையின் நுனி கருகும். என் செடியில் இரண்டும் இருந்தன. விருந்துக்குக் கூப்பிட்டு வெறும் வெந்நீர் மட்டும் பரிமாறிய கதை!

முதல் மழை நீரை மறந்துவிட்டேன் பார்த்தீர்களா? காட்டில் ஆர்க்கிட் சுத்த நீர் மட்டும் குடிப்பதில்லை. பறவை எச்சமும் இலைச் சாறும் கரைந்த நீரைக் குடித்து, பிறகு சுத்த நீரில் குளிக்கிறது. ஆக, உப்பை எடுப்பது பாதி வேலை. நமக்கு வேண்டிய உப்பை, வேண்டிய அளவில் திரும்பக் கொடுப்பது மீதி வேலை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிட்டுக்கென்று உரக்கலவை உருவாக்கினார்கள். ஒன்றல்ல, இரண்டு! கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு ஒன்று. மழைநீர், ஆர்.ஓ. நீர் ஊற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. அதில் கால்சியமும் மக்னீசியமும் சேர்த்திருக்கும். தண்ணீரைப் பார்த்து உரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நாம் என்ன செய்கிறோம்? நர்சரிக்காரர் கையில் கொடுத்த பொட்டலத்தை எந்தத் தண்ணீரிலும் கரைக்கிறோம்.

நம் கடைகளில் கிடைக்கிற 19:19:19 உரத்தில் கால்சியம் இல்லை. நான் செய்வது இது: ஒரு வாரம் அதை லிட்டருக்கு அரை கிராம். அடுத்த வாரம் கால்சியம் நைட்ரேட், அதுவும் அரை கிராம். மாதம் ஒருமுறை எப்சம் உப்பு, ஒரு சிட்டிகை. மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கால்சியம் நைட்ரேட்டை மற்ற இரண்டோடும் சேர்த்துக் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. பால் திரிந்த மாதிரி வெள்ளையாகப் படிந்துவிடும், செடிக்கு ஒன்றும் கிடைக்காது. நான்காவது வாரம் உரமே இல்லை. வெறும் தண்ணீரை நிதானமாக ஊற்றி, தொட்டியின் அடியில் தாராளமாக ஓடவிட்டு, பழைய உப்பை அலசிவிடுகிறேன். அரை கிராம் என்றால் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதைக் கவனியுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் போட்டால் மொத்தம் 560. போர் தண்ணீரில் போட்டால்? 1,680! அந்தத் தண்ணீரில் உரத்துக்கு இடமே இல்லை.

“டீச்சர், ஆர்.ஓ. தண்ணியில கொஞ்சம் போர் தண்ணி கலந்துட்டா கால்சியம் வந்துடாதா?” என்று என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். கெட்டிக்காரி. வரும், ஆனால் போர் தண்ணீரில் இருப்பது கால்சியமாக இருந்தால்! டிடிஎஸ் மீட்டர் மொத்த எண்ணைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. அது மின்கடத்தலை அளந்து, ஒரு மதிப்பால் பெருக்கி எண்ணாகக் காட்டுகிற சின்னப் பொருள். யூரியாவைக் கரைத்தால் அதற்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் எந்த உப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கு முன்னால், உங்கள் அடுப்படியிலேயே ஓர் ஆய்வகம் இருக்கிறது.

துவரம்பருப்பு! அதே பருப்பை ஒரு பாத்திரத்தில் ஆர்.ஓ. தண்ணீரிலும் இன்னொன்றில் போர் தண்ணீரிலும் ஊறவைத்து வேகவையுங்கள். போர் தண்ணீரில் பருப்பு மலராமல் முழுசு முழுசாக நின்றால், அதில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. “இந்தத் தண்ணியில பருப்பு வேகாது” என்று பாட்டிகள் சொன்னது சரியான வேதியியல். கால்சியம் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கிற பெக்டினை இறுக்கிவிடுகிறது. சோப்பும் அந்தத் தண்ணீரில் நுரைக்காது. அப்படிப்பட்ட தண்ணீரானால், ஒன்பது பங்கு ஆர்.ஓ.வுக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்து ஊற்றலாம். செடிக்கு வேண்டிய கால்சியம் இலவசம். பருப்பும் நன்றாக வேகிறது, சோப்பும் நுரைக்கிறது, ஆனால் நாக்கில் உப்புக் கரிக்கிறது, மீட்டரும் ஆயிரம் காட்டுகிறது என்றால் அது சோடியம். கடலோரத்தில், கடல்நீர் ஊடுருவிய கிணறுகளில் இதுதான் கதை. அதில் ஒரு பங்கும் வேண்டாம். ஒரு சொட்டும் வேண்டாம்.

கடைசிப் பாட்டில். இதை நான் ஏன் கடைசியில் வைத்தேன் என்று உங்களுக்கே தெரியும். மழை. மீட்டர் 12.

2003-இல் இந்த மாநிலத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நிலத்துக்குள் இறக்க நாம் பழகிக்கொண்டோம். ஒரு டிரம்மில் பிடித்து வைக்க ஏனோ பழகவில்லை. பத்துச் சதுர மீட்டர் தார்ப்பாய், பத்து மில்லிமீட்டர் மழை: நூறு லிட்டர். என் பத்துத் தொட்டிக்கு மூன்று மாதத் தண்ணீர் ஒரே மழையில்! மொட்டைமாடித் தளத்தில் வழிந்து வருவதைவிட, கட்டித் தொங்கவிட்ட தார்ப்பாயில் பிடிப்பது மேல். தளத்தின் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வரும். முதல் பத்து நிமிஷத்தை விட்டுவிடுங்கள், ஊரின் புகையும் தூசியும் அதில்தான். காட்டில் அந்த முதல் நீர் சாப்பாடு என்றேன். சென்னையில் அந்த முதல் நீரில் இருப்பது பேருந்துப் புகை. பிறகு வெளிச்சம் புகாத டிரம், மூடி, மூடிக்கு அடியில் நெருக்கமான துணி. துணியை மறக்கக் கூடாது. டெங்கு கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. இதுபோல் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆர்க்கிட்டுக்கு நல்ல தண்ணீர் சேமித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கொடுத்தால் அந்தப் பூவை எப்படிப் பார்ப்பது?

நம் சமவெளியிலேயே, மாமரக் கிளைகளில், யாரும் நட்டு வைக்காமல் வாண்டா டெசலேட்டா என்ற ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. பழுப்புக் கட்டம் போட்ட இதழ், ஊதா நாக்கு, நல்ல மணம். அதற்கு யாரும் மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை. மாமரம் அதற்குப் பந்தல், அக்டோபர் அதற்குப் பந்தி.

என் மிஞ்சிய செடி என்னவாயிற்று என்று கேட்கிறீர்கள். இதோ, பேச்சின் தொடக்கத்தில் தண்ணீர் விட்டேனே, வேர் பச்சையானதே, அதுதான். கீழே இரண்டு சின்ன இலை இருக்கிறது பாருங்கள், அது பட்டினி வருஷம். அதற்கு மேலே இருப்பவை பிறகு வந்தவை. பக்கவாட்டில் கைவிரல் மாதிரி நீள்வது வேர் என்று நினைத்தேன். நேற்றுத்தான் நுனியில் ஒரு முடிச்சுக் கண்டேன். பூந்தண்டு.

உங்களில் பலர் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறீர்கள். அழைப்பிதழில் அப்படித்தான் கேட்டிருந்தோம். மீட்டர் இங்கே மேசைமேல் இருக்கிறது. ஒவ்வொருவராக வாருங்கள், உங்கள் எண்ணைப் பார்ப்போம். பாட்டிலின் மேல் எந்தத் தெரு, போரா, மெட்ரோவா என்று எழுதிவிட்டு வரவும். பருப்பு எப்படி வேகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.